மூச்சுப் பயிற்சி வகுப்பும் அப்பாவின் பம்பும்: மருத்துவ ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பின்னர் செம்பனைக்கு மருந்தடித்து ஓய்வு பெற்ற அவருடைய அப்பாவுக்கு இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் இருக்கின்றன. கோயில் மண்டபத்தில் வார இறுதிகளில் நடக்கும் மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு அவர் போய்வருகிறார். நிமிடத்துக்கு ஆறு மூச்சு விட்டால் அழுத்தம் இறங்கும், ஆஸ்துமா வேரோடு போய்விடும், மனிதனின் ஆயுளே மூச்சுக் கணக்கில்தான் இருக்கிறது என்றெல்லாம் அங்கே சொல்லக் கேட்டு, ஆஸ்துமாவுக்கான பழுப்பு நிறப் பம்பை (இன்ஹேலரை) எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். இதில் எது உண்மை, எது இல்லை என்பதே கேள்வி. அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழுப்புப் பம்பை அப்பா இன்றே திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். ஆஸ்துமாவுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் இரண்டு பம்புகளில் நீல நிறத்தது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி, சில நிமிடங்களில் இழுப்பை அடக்குவது. பழுப்பு நிறத்தது குழாயின் உட்சுவரில் இருக்கும் அழற்சியை நாள்தோறும் சிறுகச் சிறுகத் தணிப்பது. நீலத்தை அடித்த உடனேயே நெஞ்சு லேசாகிவிடுவதால் நம்மவர்களுக்கு அதன்மேல் அபார நம்பிக்கை. பழுப்பை அடித்தால் அன்றைக்கு எதுவும் தெரிவதில்லை. போதாக்குறைக்கு அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று யாராவது சொல்லிவைத்திருப்பார்கள். ஆகவே அதை எப்போது நிறுத்தலாம் என்றே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. வகுப்பில் சேர்ந்த அதே வாரங்களில் அப்பா நன்றாகவே இருப்பார், பெயர் வகுப்புக்குப் போகும், அழற்சியோ சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். அழற்சிக்கான மருந்து எதுவுமின்றி நீலப் பம்பை மட்டும் நம்பியிருப்பவர்களுக்குக் கடுமையான தாக்குதலும் மரணமும் நேரும் வாய்ப்பு அதிகம் என்பதாலேயே, ஜினா எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, 2019-இல் அந்த முறையை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது.

மூச்சுப் பயிற்சியால் ஆஸ்துமாவுக்குப் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சோவியத் நாட்டு மருத்துவர் கான்ஸ்டன்டீன் புட்டேகோ, ஆஸ்துமாக்காரர்கள் தேவைக்கு மேல் மூச்சுவிடுகிறார்கள், அதைக் குறைத்தால் நோய் குறையும் என்று ஒரு முறையை வகுத்தார். அந்த முறையை ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 39 பேரிடம் சோதித்து, 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் நீலப் பம்பைப் பயன்படுத்துவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஊதிப் பார்க்கும் சோதனையில் நுரையீரலின் செயல்திறன் கொஞ்சமும் மாறவில்லை. இதைவிடப் பெரிய ஆய்வு இங்கிலாந்தில் நடந்தது. அதில் 655 ஆஸ்துமாக்காரர்கள் கலந்துகொண்டார்கள். சிலருக்கு உடற்பயிற்சி சிகிச்சையாளர் நேரில் கற்றுக்கொடுத்தார், சிலர் டிவிடி பார்த்து வீட்டிலேயே பழகினார்கள், சிலர் வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தார்கள். 2018-இல் வந்த முடிவின்படி, பயிற்சி செய்தவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, டிவிடி பார்த்தவர்களும் நேரில் கற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. ஆனால் நுரையீரலின் செயல்திறனிலும் அழற்சியிலும் மாற்றமில்லை. இழுப்பு வரும்போது உண்டாகும் பதற்றத்தையும், அந்தப் பதற்றத்தால் மேலும் கூடும் மூச்சிரைப்பையும் பயிற்சி குறைக்கிறது, அடியிலிருக்கும் நோயைத் தொடுவதில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மருந்தோடு சேர்த்துச் செய்யலாம். மருந்துக்குப் பதிலாகச் செய்யக் கூடாது.

மூச்சை ஒழுங்குபடுத்தியே தீர வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது பம்பை அடிக்கும் நேரம். என் பணிக்காலத்தில் “மருந்து வேலை செய்யவில்லை” என்று வந்தவர்களைப் பம்பை என் கண்முன்னால் அடித்துக் காட்டச் சொல்வேன். பலர் மூச்சை முழுதும் இழுத்து முடித்த பிறகே அமுக்குவார்கள். சிலர் குப்பியை ஆட்டவே மாட்டார்கள். சிலர் அமுக்கியதும் வெடுக்கென்று இழுப்பார்கள், மருந்து தொண்டையின் பின்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். குப்பியை நன்றாக ஆட்டி, மூச்சை வெளியே விட்டு, பிறகு நிதானமாக இழுக்கத் தொடங்கும்போதே அமுக்கி, இழுத்த மூச்சைப் பத்து எண்ணும்வரை அடக்கி வைத்திருக்க வேண்டும். பழுப்புப் பம்பு என்றால் முடிந்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். கை நடுங்கும் வயதில் இது முடியாவிட்டால் ஸ்பேசர் என்ற குழலைப் பொருத்திக்கொள்ளலாம். கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் அரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் ஓட்டை போட்டுச் செய்த ஸ்பேசரே, இடைவெளியில்லாமல் அடைத்துப் பொருத்தினால், கடையில் வாங்கியதற்கு ஈடாகக் குழந்தைகளிடம் வேலை செய்ததை 1999-இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

இனி இரத்த அழுத்தம். இங்கே வகுப்பில் சொல்லியது முழுப் பொய் அல்ல. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று விரைவாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். ஜெர்மன் உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847-இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கும் ஓர் அனிச்சைச் செயல் நம் கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியிலும் இருக்கிறது. மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைத்தால் இந்த அனிச்சைச் செயல் கூர்மையடைகிறது. இத்தாலிய மருத்துவர் லூச்சானோ பெர்னார்டியின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில் 23 ஆரோக்கியமான பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவும், ஒரு பௌத்த மந்திரத்தை உச்சரிக்கவும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு தானாக நிமிடத்துக்கு ஆறை ஒட்டி இறங்கியது. நம் ஓதுவார்கள் பதிகத்தை இழுத்துப் பாடும்போதும் இதுவே நிகழும் என்பது என் ஊகம்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஓர் அனிச்சைச் செயல் கூர்மையடைவது வேறு, கிளினிக்கில் பிபி குறைவது வேறு. அமெரிக்க இதயச் சங்கம் 2013-இல் மருந்தில்லா வழிகளைத் தரம் பிரித்தபோது, கருவியின் வழிகாட்டுதலோடு செய்யும் மெதுமூச்சைச் “செய்து பார்ப்பது நியாயமே” என்ற நிலையில் வைத்தது. நடை போன்ற உடற்பயிற்சிக்கு அதைவிட உயர்ந்த இடம் கொடுத்தது. 2021-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் வேறு ஒரு வழியைச் சோதித்தார்கள். மேல் அழுத்தம் 120-க்கு மேல் இருந்த, 50 முதல் 79 வயதுக்குட்பட்ட 36 பேரில் ஒரு பகுதியினர், காற்றை எளிதில் உள்ளே விடாத ஒரு சிறு கருவி வழியாகப் பலங்கொண்டு நாளுக்கு 30 மூச்சு இழுத்தார்கள். வாரத்துக்கு ஆறு நாள், ஆறு வாரம். அவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது. நல்ல முடிவுதான், ஆனால் 36 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அது மெதுமூச்சும் அல்ல, மூச்சுத் தசைக்கான பளுதூக்கல். இவற்றில் எதுவும் பிபி மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அப்பா பயிற்சி, மாத்திரை இரண்டையும் தொடரட்டும். வீட்டில் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், மாத்திரையைக் குறைப்பதா இல்லையா என்று டாக்டர் முடிவு செய்வார்.

மன அமைதி விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு, ஏனென்றால் அது தன் தரப்புக்கே பாதகமான முடிவை மறைக்காமல் சொன்னது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 400 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை நிமிடத்துக்கு ஐந்தரை மூச்சும், மற்றக் குழுவைச் சாதாரண வேகமான 12 மூச்சும் விடச் செய்தார்கள். நாளுக்குப் பத்து நிமிடம், நான்கு வாரம். யார் உண்மைப் பயிற்சியில் இருக்கிறார்கள் என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியாது. 2023-இல் வெளிவந்த முடிவில், மன உளைச்சலிலோ கவலையிலோ இரு குழுக்களுக்கும் இடையே அளவிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆறு என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை, தினமும் பத்து நிமிடம் கைப்பேசியை வைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்ததே பலன் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பாவுக்கு ஆறு வரவில்லை, எட்டுதான் வருகிறது என்றால் அதற்காக அவர் வருந்த வேண்டியதில்லை.

“ஆழமாக மூச்சு இழுத்தால் ஆக்சிஜன் கூடும்” என்பது இத்தகைய வகுப்புகளில் தவறாமல் கேட்கும் வாசகம். நலமான ஒருவரின் இரத்தம் சாதாரண மூச்சிலேயே 95 முதல் 100 விழுக்காடு ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது. விரலில் மாட்டும் கருவியை வைத்து யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதற்குமேல் ஏற்ற அங்கே இடமில்லை. மூச்சு விடத் தூண்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவுகூட அல்ல, கரியமிலவாயு சேர்வது. ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் 1905-இலேயே இதை நிறுவினார்கள். வேக வேகமாக மூச்சுவிட்டுக் கரியமிலவாயுவை வெளியேற்றிவிட்டால், மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும், விரலும் உதடும் மரத்துப்போகும். சில வகுப்புகளில் இதைச் “சக்தி ஏறுகிறது” என்கிறார்கள். வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள் இத்தகைய வேகமூச்சைத் தவிர்க்க வேண்டும். ஆற்றிலோ நீச்சல் குளத்திலோ அப்படிச் செய்துவிட்டு முங்குவது உயிருக்கே ஆபத்து, ஏனெனில் மூச்சுத் திணறல் என்ற எச்சரிக்கை வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும்.

மெதுமூச்சில் ஒரு சிக்கனம் இருப்பது மட்டும் உண்மை. வெகுநேரம் கழித்துக் குழாயைத் திறந்தால் முதலில் குழாயில் தேங்கிய தண்ணீர் வருவதைப் போல, ஒவ்வொரு மூச்சிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் தேங்கிய பழைய காற்றே முதலில் உள்ளே போகிறது. பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். 250 மில்லிலிட்டர் வீதம் நிமிடத்துக்கு 24 முறை இழுத்தாலும், ஒரு லிட்டர் வீதம் 6 முறை இழுத்தாலும், மொத்தம் ஆறு லிட்டர்தான். ஆனால் முன்னதில் நுரையீரலின் சிற்றறைகளுக்குப் போய்ச் சேரும் புதுக்காற்று 2.4 லிட்டர், பின்னதில் 5.1 லிட்டர். நலமாக இருப்பவருக்கு இந்த வேறுபாட்டால் பெரிய பலன் இல்லை. மூச்சிரைக்கும் நோயாளிக்கு இருக்கிறது. அவர் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினால், சுருங்க இருக்கும் சிறு குழாய்கள் சற்று நேரம் திறந்திருந்து, உள்ளே சிக்கிய காற்று வெளியேறவும் வழி கிடைக்கும்.

ஆயுள் கணக்குக்கு வருவோம். நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்று நம் முன்னோர் சொல்லிவந்த எண்ணை 1,440 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்குச் சரியாக 15 வருகிறது. இன்றைய மருத்துவம் பெரியவர்களுக்கு இயல்பு என்று கொள்ளும் 12 முதல் 20 என்ற வரம்புக்குள் அது அடங்குகிறது. கடிகாரம் பரவலாகாத காலத்தில் இவ்வளவு நெருங்கி வந்திருக்கிறார்கள் என்று மெச்சலாம். (மூச்சு எண்ணப்படுகிறது என்று தெரிந்தாலே அது மாறிவிடும் என்பதால், நாங்கள் நாடி பிடிப்பதாகப் பாவனை செய்துகொண்டு நெஞ்சைப் பார்த்துத்தான் எண்ணுவோம்.) ஆனால் அதிலிருந்து, மூச்சைச் சேமித்தால் ஆயுளைச் சேமிக்கலாம் என்று தாவுவது செல்லாது. ஆமை மெதுவாக மூச்சுவிட்டு நெடுநாள் வாழ்கிறது என்பார்கள். ஆனால் சைபீரியாவில் ஏழு கிராம் எடைகூடத் தேறாத பிராண்ட் வௌவால் ஒன்று 41 ஆண்டுகள் வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. பறக்கும்போது வினாடிக்குப் பல முறை மூச்சுவிடும் பிராணி அது. அதைவிடப் பெரிய சுண்டெலியோ இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துவிடுகிறது.

மூச்சுக்கும் ஆயுளுக்கும் மெய்யான தொடர்பு வேறொன்றில் இருக்கிறது. லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன், முழுதாக இழுத்து முழுதாக ஊதும் காற்றின் அளவை அளக்கும் கருவியை 1846-இல் அறிமுகப்படுத்தி, அந்த அளவுக்கு “உயிர்க் கொள்ளளவு” என்ற பொருளில் பெயரிட்டார். அவர் வைத்த பெயர் பொருத்தமே என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 1948-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு பின்னாளில் காட்டியது. ஊதும் அளவு குறைந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள், அதுவும் நுரையீரல் நோயால் மட்டுமல்ல, இதய நோயாலும்.

அந்த அளவைக் குறைப்பதில் நாம் எத்தனை முறை மூச்சுவிடுகிறோம் என்பதைவிட, எதை உள்ளே இழுக்கிறோம் என்பதற்கே பெரும்பங்கு. என் மனத்தாங்கலும் இதுதான்: வகுப்பில் ஆறு எண்ணி மூச்சுவிட்டு வந்தவர், இரவு சன்னலை அடைத்துவிட்டுக் கட்டிலடியில் கொசுவத்தியைக் கொளுத்திப் படுக்கிறார். மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற கொசுவத்திகளை எரித்துப் பார்த்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. டிங்கி பயம் நியாயமானது. அதற்குக் கொசுவலை இருக்கிறது, சன்னலுக்கு வலை அடிக்கலாம். சாமி அறையில் சாம்பிராணி போடும்போதாவது கதவைத் திறந்து வையுங்கள்.

சிகரெட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அப்பா இன்னும் புகைக்கிறார் என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதுதான். லண்டன் தொழிலாளர் 792 பேரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஃபிளெட்சரும் பீட்டோவும் 1977-இல் எழுதியதன்படி, இழந்த நுரையீரல் திரும்புவதில்லை, ஆனால் புகைப்பதை நிறுத்திய பின் தேய்மானத்தின் வேகம் புகைக்காதவரின் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. அறுபது வயதுக்கு மேல் விட்டு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். அரசாங்கக் கிளினிக்குகளில் எம்-குவிட் என்ற பெயரில் இதற்கு உதவி கிடைக்கிறது.

புகைமூட்டக் காலத்தில் என்ன செய்வது என்பதும் இதனோடு சேர்ந்தது. 1993-இல் வெளியான ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வில், மிக மாசடைந்த நகரத்தில் இறப்பு விகிதம் மிகத் தூய்மையான நகரத்தைவிட 26 விழுக்காடு அதிகம் இருந்தது. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. குறியீடு 100-ஐத் தாண்டினாலே ஆரோக்கியமற்ற நிலை; அன்றைக்குத் திறந்தவெளியில் ஆழமூச்சு எடுப்பது, புகையை ஆழமாக எடுப்பது என்றே ஆகும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது ஒன்று. அப்பாவுக்கு இருப்பது ஆஸ்துமாதானா? லயத்து வீட்டு விறகடுப்புப் புகையில் வளர்ந்து, பிறகு புகைத்து, வயதான பின் மூச்சு வாங்கத் தொடங்கியவர்களில் பலருக்கு இருப்பது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கேட்டுப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது, ஊதிப் பார்க்க வேண்டும். மூக்கில் கிளிப் போட்டு, முழு மூச்சு இழுத்து, முதல் வினாடியிலேயே முழு வேகத்தில் ஊதி, ஆறு வினாடிக்குக் குறையாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் “ஊதுங்க, ஊதுங்க, இன்னும்” என்று கத்துவார், அப்பா பயந்துவிட வேண்டாம். நீலப் பம்பை அடித்த பிறகும், முதல் வினாடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது அடைப்பு நோயின் அடையாளம். அந்த நோய்க்கு நடையும் தசைப்பயிற்சியும் மூச்சுக் கட்டுப்பாடும் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. 2015-இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அதன் பலன் இனியும் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை என்ற அளவுக்குத் தெளிவாக இருப்பதாகக் கண்டார்கள். மண்டபத்து வகுப்பைவிட அது அப்பாவுக்குப் பல மடங்கு உதவும்.

செம்பனைக்கு மருந்தடித்த வேலையையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், குறிப்பாகப் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளித்திருந்தால். இந்நாட்டில் 2020 தொடக்கத்திலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கும் அந்த மருந்து, உடலுக்குள் போனால் நுரையீரலில் குவிந்து அதைத் தழும்பாக்கக்கூடியது. தெளித்தவர் எல்லோருக்கும் நுரையீரல் கெட்டிருக்கும் என்பதல்ல. ஆனால் எக்ஸ்ரேயைப் பார்ப்பவருக்கு அந்தத் தகவல் தேவை. சுங்கை சிப்புட்டில் ஊதும் சோதனைக்கு வசதி கிடைக்காவிட்டால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். சோதனைக்கு முன் எந்தப் பம்பை எத்தனை மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதை, தேதி வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். இதற்கிடையில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பூத்தாலோ, நீலப் பம்பை அடித்துக்கொண்டே உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அந்த நேரத்தில் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.